நெடுஞ்சாலையில் அலையும் ஜீப்: காரணமும் சீர்திருத்தமும்

மேடு பள்ளமான நிலத்தில் உழைப்பதற்கென்றே அமைக்கப்பட்ட ஊர்திகளில் ஒரு குறை அடிக்கடி காணப்படுகிறது. காட்டுப் பாதையிலும் வண்டிப் பாதையிலும் சொன்னபடி கேட்கும் அதே ஜீப், சமதளமான தேசிய நெடுஞ்சாலையை அடைந்து வேகம் கூடியதும் நேராகச் செல்ல மறுக்கிறது. ஸ்டீயரிங்கை அசைக்காமல் பிடித்திருந்தாலும் வண்டி சிறிது இடப்புறம் நகர்கிறது. ஓட்டுநர் அதைத் திருத்தினால் வலப்புறம் நகர்கிறது. பயணம் முழுவதும் இத்திருத்தம் ஓயாது நடைபெறுகிறது. இக்குறையை 'அலைவு' எனலாம்.

வேளாண்மை, வனம், கால்நடை, நீர்ப்பாசனம் ஆகிய துறைகளின் களப்பணியாளர்கள் இவ்வகை ஊர்திகளையும், அவற்றின் அடிச்சட்டத்தின்மேல் திறந்த சுமைத் தொட்டி பொருத்திய பிக்கப் வண்டிகளையும் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகின்றனர். அலைவை "பழைய வண்டியின் குணம்" என்று பொறுத்துக்கொள்வது அவர்களிடையே வழக்கமாகிவிட்டது. அது குணமன்று, குறையே. அதற்குத் திட்டமான காரணங்கள் உண்டு; அவை ஒவ்வொன்றையும் சோதித்து அறியவும் முடியும்.

வேகமும் விலகலும்

காட்டுப் பாதையில் தெரியாத குறை நெடுஞ்சாலையில் தெரிவது ஏன் என்பதை எளிய கணக்கால் அறியலாம். வண்டி தன் நேர்க்கோட்டிலிருந்து 1 பாகை மட்டும் திரும்பிவிட்டது எனக் கொள்க. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் அது ஒரு விநாடியில் சுமார் 5½ மீட்டர் ஓடும்; அதற்குள் பக்கவாட்டில் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் விலகும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடியில் 22 மீட்டர் ஓடும். விலகல் 39 சென்டிமீட்டர் ஆகிவிடும்.

நெடுஞ்சாலைத் தடம் ஒன்றின் அகலம் 3½ மீட்டர். வண்டியின் அகலம் ஏறத்தாழ 1½ மீட்டர். தடத்தின் நடுவில் செல்லும் வண்டிக்கு இருபுறமும் மீதமிருப்பது ஒவ்வொரு மீட்டரே. 1 பாகைத் திருப்பம் திருத்தப்படாவிட்டால் இந்த ஒரு மீட்டரும் இரண்டரை விநாடியில் தீர்ந்துவிடும். பக்கத்துத் தடத்தில் பாரவண்டி ஒன்று முந்திச் செல்லும் நேரத்தில் இதன் விளைவு எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை. விபத்து நேராவிடினும், இரண்டு மணி நேரம் இவ்வாறு திருத்திக்கொண்டே வந்த ஓட்டுநரின் கையும் கவனமும் களைத்துப்போவது உறுதி.

சிவாஜிநகரின் பழைய உறுப்புக் கடைகள்

1809ஆம் ஆண்டில் பெங்களூரில் ஆங்கிலேயரின் படைமுகாம் நிறுவப்பட்டது. அதன் கடைவீதிப் பகுதிகளில் ஒன்று, முன்னாளில் பிளாக்பள்ளி என வழங்கிய இன்றைய சிவாஜிநகர். 1927ஆம் ஆண்டில் எழுந்த ரசல் மார்க்கெட் கட்டடம் இதன் அடையாளமாக நிற்கிறது. தமிழும் உருதுவும் கன்னடமும் ஒருங்கே ஒலிக்கும் இப்பகுதித் தெருக்களில் மற்றொரு வாணிகமும் வேரூன்றியுள்ளது. பழைய மோட்டார் வண்டிகளைப் பிரித்து, அவற்றின் உறுப்புகளை விற்கும் 'குஜரி'க் கடைகளும், அவற்றை ஒட்டிய சிறு பட்டறைகளும் இங்கே உள்ளன.

இந்தியாவில் ஜீப் தயாரிப்பின் வரலாறு இக்கடைகளின் தேவையை விளக்கும். 1945ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மகிந்திரா நிறுவனம், அப்பத்தாண்டு முடிவதற்குள் வில்லிஸ் ஜீப்புகளை இந்நாட்டில் பொருத்தி விற்கத் தொடங்கியது. அதன் வழிவந்த மாதிரிகள் பல பத்தாண்டுகள் தயாராயின. 1985ஆம் ஆண்டில் மாருதி ஜிப்சி வெளிவந்தது. இவ்வண்டிகளில் பலவற்றின் உற்பத்தி நின்றுவிட்டது. ஆயினும் வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்குரிய உறுப்பைத் தேடுவோர் பழைய கடைகளையே நாட நேர்கிறது. கிருஷ்ணகிரி, ஓசூர் வழியே பெங்களூரை அடையும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, அவ்வாறு வரும் வண்டிகளின் அலைவை வெளிப்படுத்தும் சோதனைக்களமாகவும் அமைகிறது.

இத்தகைய கடைகளுக்குச் செல்லுமுன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. எந்த உறுப்பு குற்றமுடையது என்பதை அறிந்த பின்னரே எதை வாங்குவது என்பதைத் தீர்மானிக்க வேண்டும். அலைவுக்கு மருந்தாகப் பலர் முதலில் ஸ்டீயரிங் பெட்டியை மாற்றுகின்றனர். பெரும்பாலும் அது கடைசியாகச் சோதிக்க வேண்டிய உறுப்பாகும்.

வண்டி நேராகச் செல்வது எதனால்?

சக்கரத்தை நேராக வைத்திருப்பது ஓட்டுநரின் கை மட்டுமன்று. முன்சக்கரம் கிங் பின் எனப்படும் செங்குத்துத் தண்டைச் சுற்றித் திரும்புகிறது. இத்தண்டு முழுச் செங்குத்தாக நிற்பதில்லை. அதன் மேல்முனை சற்றே பின்புறமாகச் சாய்ந்துள்ளது. இச்சாய்வுக்குக் காஸ்டர் அல்லது பின்சாய்வு என்று பெயர். சாய்ந்த தண்டின் கோட்டைத் தரைவரை நீட்டினால், அது டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் விழும். ஆகவே டயர் தன் திருப்பு அச்சுக்குப் பின்னால் இழுபட்டுச் செல்கிறது. சக்கரம் ஒருபுறம் திரும்பினால் தரையின் பக்க விசை அச்சுக்குப் பின்னால் செயற்பட்டு, அதனை மீண்டும் நேர்நிலைக்குத் தள்ளுகிறது.

மருத்துவமனைத் தள்ளுவண்டியின் சிறு சக்கரங்களை நோக்கினால் இவ்வுண்மை விளங்கும். வண்டியை எத்திசையில் தள்ளினாலும் அச்சக்கரங்கள் தாமே சுழன்று தம் தண்டுக்குப் பின்னால் வந்து நிற்கும்.

அச்சுக்கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தொடும் இடத்துக்கும் உள்ள தொலைவைப் பின்தொடர் தூரம் எனலாம். சக்கர மையத்தின் உயரத்தைச் சாய்வுக் கோணத்தின் டேன்ஜென்டால் பெருக்க இது கிடைக்கும். பழைய ஜீப் மாதிரிகளில் காஸ்டர் 3 பாகை. மையத்தின் உயரம் 35 சென்டிமீட்டர் எனக் கொண்டால், பின்தொடர் தூரம் ஏறத்தாழ 1.8 சென்டிமீட்டர். இரண்டு விரற்கடையும் தேறாத இச்சிறு தொலைவே வண்டியை நேர்வழியில் நிறுத்துவதில் பெரும்பங்கு வகிக்கிறது.

பின்புறம் சேர்த்த பட்டை

களப்பணி வண்டிகளில் இச்சாய்வு எவ்வாறு கெடுகிறது? பெரும்பாலும் நல்லெண்ணத்தாலேயே கெடுகிறது. உரமூட்டை, குழாய், தண்ணீர்த் தொட்டி முதலியவற்றைச் சுமக்க வேண்டுமென்று பின்புறக் கமான் பட்டைகளோடு ஒன்றிரண்டு பட்டைகளைச் சேர்த்துவிடுகின்றனர். சுமை இல்லாதபோது வண்டியின் பின்பகுதி உயர்ந்து, முகப்பு தாழ்ந்து நிற்கிறது. அடிச்சட்டம் முன்னோக்கிச் சாய்வதால் அதனோடு இணைந்த முன் அச்சும் அதே அளவு முன்னோக்கிச் சுழல்கிறது. கிங் பின்னின் பின்சாய்வு அந்த அளவு குறைந்துவிடுகிறது.

எடுத்துக்காட்டாக, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 203 சென்டிமீட்டர் தொலைவுள்ள பழைய ஜீப் ஒன்றின் பின்பகுதி 7 சென்டிமீட்டர் உயர்த்தப்பட்டது எனக் கொள்க. 7ஐ 203ஆல் வகுக்கக் கிடைக்கும் சரிவு ஏறத்தாழ 2 பாகை. ஆகவே 3 பாகையாக இருந்த காஸ்டர் 1 பாகையாகிறது, 1.8 சென்டிமீட்டர் பின்தொடர் தூரம் 0.6 சென்டிமீட்டராகச் சுருங்குகிறது. பழுது பின்னால் செய்யப்பட்டது. அலைவு முன்னால் தோன்றுகிறது. சுமையோடு செல்கையில் பின்பகுதி தாழ்ந்து வண்டி ஓரளவு நேராக ஓடுவதும், சுமையை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்புகையில் அலைவதும் இதன் அடையாளம்.

முன்புறத்தை உயர்த்துவதாலும் தீங்கு நேரும். முன் கமானின் முன்நுனியில் ஷேக்கிள் உள்ள வண்டியில் நீளமான ஷேக்கிளைப் பொருத்தினால், பட்டையின் முன்நுனி கீழே தாழ்ந்து அச்சு முன்னோக்கிச் சுழலும், காஸ்டர் குறையும். மேலும் ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து செல்லும் டிராக் லிங்க் என்னும் இணைப்புத் தண்டு செங்குத்தாகச் சரிந்துவிடும். அப்போது சக்கரம் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அத்தண்டு இழுக்கப்பட்டு, ஓட்டுநர் திருப்பாமலே சக்கரம் திரும்பும்.

இத்தகைய மாற்றங்களுக்குச் சட்டத்தின் எல்லையும் உண்டு. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவில், பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டவற்றுக்கு மாறுபடும் வண்ணம் வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019ஆம் ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது.

குறையை இனம் காணுதல்

சோதனை தொடங்குமுன் மூன்று குறைகளைப் பிரித்தறிய வேண்டும். வண்டி எப்போதும் ஒரே புறம் செல்ல முற்பட்டால் அது இழுப்பு. ஒருபுற டயரில் காற்றுக் குறைவு, பிரேக் உராய்வு, சாலையின் சரிவு ஆகியவை அதற்குக் காரணமாகலாம். சக்கரங்கள் இருபுறமும் வேகமாக அதிர்ந்தால் அது நடுக்கம். திட்டமின்றி இருபுறமும் மெல்ல நகர்வதே அலைவு. நடுக்கத்தை அடக்கும் ஸ்டீயரிங் டாம்பரைப் பொருத்துவதால் அலைவு நீங்காது. தேய்ந்த உறுப்பின் அறிகுறி மறைந்து, தேய்வு மட்டும் வளரும்.

சோதனைகளைக் கீழ்க்கண்ட வரிசையில் செய்வது பொருளையும் காலத்தையும் மிச்சப்படுத்தும்.

முதலாவது, டயர்கள். மணலிலும் சேற்றிலும் செல்வதற்காகக் காற்றைக் குறைத்திருந்தால், நெடுஞ்சாலையை அடையுமுன் உற்பத்தியாளர் குறித்த அளவுக்கு மீண்டும் நிரப்ப வேண்டும். டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து, இரு முன்டயர்களிலும் ஒரே அளவு வைக்க வேண்டும். சேற்றுக்கென அமைந்த டயரின் உயரமான ரப்பர்க் கட்டிகள் தார்ச் சாலையில் பக்கவாட்டில் வளைந்து கொடுக்கும். இதனாலும் ஓரளவு அலைவு தோன்றும். ஒரே அச்சில் வெவ்வேறு வகை டயர்களைப் பூட்டுதல் ஆகாது.

இரண்டாவது, சக்கரத் தாங்கிகளும் கிங் பின்னும். முன்சக்கரத்தை ஜாக்கியால் உயர்த்தி, அச்சின் கீழ் உறுதியான தாங்கு கட்டை வைத்தபின், டயரின் மேலும் கீழும் பற்றி அசைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் தெரிந்தால் மற்றொருவர் பிரேக்கை அழுத்த வேண்டும். அப்போது ஆட்டம் நின்றுவிட்டால் குறை சக்கரப் பேரிங்கில் உள்ளது. நில்லாவிட்டால் கிங் பின்னிலோ அதன் தாங்கிகளிலோ உள்ளது.

மூன்றாவது, இணைப்புத் தண்டுகள். சக்கரங்கள் தரையில் ஊன்றியிருக்க, எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒருவர் ஸ்டீயரிங்கை இருபுறமும் சிறிதளவு திருப்பிக்கொண்டிருக்க வேண்டும். மற்றொருவர் ஒவ்வொரு மூட்டின் மேலும் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு தண்டு அசைந்து, அதனோடு இணைந்த அடுத்த தண்டு அசையாமல் நின்றால், இடையிலுள்ள மூட்டு தேய்ந்துள்ளது. பழைய வில்லிஸ் வழி ஜீப்புகளில் அடிச்சட்டத்தின் நடுவே பெல் கிராங்க் என்னும் திருப்புக் கை உண்டு. அதன் பின்னும் புஷ்ஷும் தேய்தல் அலைவின் மிகப் பொதுவான காரணங்களுள் ஒன்று. ஸ்டீயரிங் பெட்டியை அடிச்சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டுகளையும் இச்சமயத்திலேயே நோக்க வேண்டும்.

நான்காவது, கமான்கள். முன்னும் பின்னும் யூ போல்ட்டுகள் இறுகியுள்ளனவா, பட்டைகளைக் கோக்கும் நடு போல்ட் முறிந்துள்ளதா, ஷேக்கிள் புஷ்கள் தேய்ந்துள்ளனவா என்று பார்க்க வேண்டும். பின் அச்சு அதன் இடத்தில் நில்லாமல் முன்னும் பின்னும் நகர்ந்தால், வண்டி பின்னாலிருந்தே திருப்பப்படும். இதனை முன்சக்கரத்தில் தேடுவோர் காணமாட்டார்.

ஐந்தாவது, கோணங்கள். தளர்ச்சிகளை நீக்கிய பின்னரே கோணங்களை அளப்பது பயன்தரும். ஆடும் மூட்டின் மேல் எடுத்த அளவு நிலைக்காது. இரு முன்சக்கரங்களும் முன்பகுதியில் சற்றே நெருங்கியிருக்கும் உட்குவிவு, பழைய ஜீப்புகளில் 1 முதல் 2½ மில்லிமீட்டர் வரை. இரு டயர்களின் பின்புறத்தில் மைய உயரத்தில் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, இடைத்தொலைவை அளந்துகொள்ள வேண்டும். பின்னர் வண்டியை அரைச்சுற்று முன்னால் தள்ளி, அதே குறிகள் முன்புறம் வந்ததும் மீண்டும் அளக்க வேண்டும். இரண்டாவது அளவு எவ்வளவு குறைகிறதோ அதுவே உட்குவிவு. குறையாமல் கூடினால் சக்கரங்கள் வெளிப்புறம் விரிந்துள்ளன என்று பொருள். அந்நிலையில் அலைவு உறுதி.

காஸ்டரை அதற்குரிய கருவியுள்ள பட்டறையில் அளக்கச் செய்யலாம். அது குறைந்திருந்தால் முதலில் பின்புறம் மிகையாகச் சேர்த்த பட்டைகளையும் நீண்ட ஷேக்கிள்களையும் நீக்க வேண்டும். பட்டைகள் தளர்ந்து போனதால் குறைவு ஏற்பட்டிருப்பின் அவற்றைப் புதுப்பிக்க வேண்டும். அதன் பின்னும் குறைவு இருந்தால், அச்சுக்கும் கமானுக்கும் இடையே உரிய கோணமுள்ள எஃகு ஆப்பைச் செருகலாம். நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியில் அச்சு பின்னோக்கிச் சுழலும்போது முன் புரொப்பெல்லர் தண்டு இணையும் முகப்பு தாழ்ந்து, அதன் மூட்டின் கோணம் கூடும். ஆகையால் ஆப்பின் கோணம் தேவைக்கு மேற்படலாகாது. பொருத்திய பின் மீண்டும் அளப்பதும் இன்றியமையாதது.

ஆறாவதும் இறுதியானதும் ஸ்டீயரிங் பெட்டி. மேற்கூறிய யாவும் சரியாக இருந்தும் ஆட்டம் எஞ்சினால் மட்டுமே இதனைத் தொட வேண்டும். டிராக் லிங்கைக் கழற்றி, ஸ்டீயரிங்கை நேர்நிலையில் வைத்துச் சரிக்கட்ட வேண்டும். ஆட்டத்தைப் போக்கும் ஆர்வத்தில் அளவுக்கு மேல் இறுக்கினால், திரும்பிய சக்கரம் தானாக மீளாது. காஸ்டரின் மீட்பு விசை பெட்டியின் உராய்வில் வீணாகிவிடும். அப்போது பழைய அலைவு நீங்கிப் புதிய அலைவு தோன்றும். மசகு இன்றி வறண்ட கிங் பின்னும் மூட்டுகளும் இதே தீமையைச் செய்யும்.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, 98ஆம் விதி ஸ்டீயரிங்கின் வெற்று ஆட்டம் 30 பாகைக்கு மேற்படலாகாது என்கிறது. 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஸ்டீயரிங்கில் இது விளிம்பில் 10½ சென்டிமீட்டர் ஆகும். இது சட்டம் பொறுக்கும் எல்லை. நல்ல வண்டியின் இலக்கணம் அன்று. நெடுஞ்சாலையில் செல்லும் வண்டியில் இதனினும் மிகக் குறைந்த ஆட்டமே இருத்தல் வேண்டும்.

பழைய உறுப்பில் எதை வாங்கலாம்?

சிவாஜிநகரைப் போன்ற கடைவீதிகளில் உறுப்பு வாங்குவோர் இரண்டு வகைகளை மனத்திற்கொள்ள வேண்டும். வெடிப்பும் வளைவும் அற்ற ஸ்டீயரிங் பெட்டிக் கூடு, பெல் கிராங்க் கை, கமான் தாங்கி ஆகியவை பழையனவாயினும் பயன்படும். புதிய பின்னும் புஷ்ஷும் இட்டு அவற்றைப் புதுப்பிக்கலாம். தண்டுகளின் பந்து மூட்டுகள், கிங் பின் தாங்கிகள், யூ போல்ட்டுகள், பூட்டு நட்டுகள் ஆகியவற்றைப் புதியனவாகவே வாங்க வேண்டும். இவை தேய்வதற்கும் நீள்வதற்கும் உரியவை. பழையவற்றில் எஞ்சிய ஆயுள் கண்ணுக்குத் தெரியாது.

எந்த உறுப்பையும் வாங்குமுன் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, நல்ல வெளிச்சத்தில் நோக்க வேண்டும். புதிதாகப் பூசிய வண்ணத்தின் கீழ் வெடிப்பு மறைந்திருக்கலாம். வெல்டிங் செய்த தடமும், தீயில் காய்ச்சி நிமிர்த்திய நிறமாற்றமும் உள்ள ஸ்டீயரிங் தண்டை எவ்விலைக்கும் ஏற்கலாகாது. கியர் பெட்டி பழுதானால் வண்டி நிற்கும். ஸ்டீயரிங் தண்டு முறிந்தால் வண்டி நில்லாது ஓடும்.

வகுப்பறைக்கு ஒரு சோதனை

ஆசிரியர்கள் இப்பொருளை மிதிவண்டி ஒன்றைக் கொண்டு மாணவர்க்கு விளக்கலாம். மிதிவண்டியை நேராக நிறுத்தி, கைப்பிடித் தண்டு செருகப்பட்டுள்ள குழாயின் சாய்வை ஒட்டி ஒரு நூலைத் தரைவரை நீட்டிப் பிடிக்கச் செய்க. நூல் தரையைத் தொடும் இடத்தில் ஒரு குறியும், முன்சக்கர மையத்துக்கு நேர் கீழே மற்றொரு குறியும் இடுக. முதற்குறி சில சென்டிமீட்டர் முன்னால் அமைவதை மாணவர்கள் தாமே அளந்து காண்பர். பின்னர் பின்சக்கரத்தின் கீழ் ஒரு செங்கல்லை வைத்து மீண்டும் அளக்கச் செய்தால், அத்தொலைவு குறைந்திருப்பதைக் காணலாம். பின்புறப் பட்டை சேர்த்த ஜீப்பில் நிகழ்வது இதுவே.

களப்பணியாளர்களும் இச்சோதனைகளில் பெரும்பாலானவற்றைச் செலவின்றிச் செய்யலாம். ஒரு ஜாக்கி, தாங்கு கட்டை, அளவு நாடா, சுண்ணக்கட்டி, உதவிக்கு ஒருவர் ஆகியவை போதுமானவை. டயர்க் காற்றை வாரந்தோறும், மூட்டுகளை மாதந்தோறும், கோணங்களைக் கமான் வேலை நடந்த ஒவ்வொரு முறையும் சோதித்து, வண்டியின் குறிப்பேட்டில் பதிந்துவைத்தல் நன்று. பட்டை சேர்த்த நாளும் அலைவு தொடங்கிய நாளும் ஒரே ஏட்டில் அடுத்தடுத்து நின்றால், காரணத்தைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியிராது.